கண்ட சாட்சி

"மிஸ், றஞ்சிதம் வந்திருக்கிறா. பின்பக்கத்தால போறீங்களோ?" என்று எழுதுநர் பரமநாதன் மெல்லிய குரலில் கேட்டார்.

அந்த ஒற்றை அறைக் கந்தோருக்குப் பின்பக்கம் கதவே இல்லை. அது அவருக்கும் தெரியும்.

சட்டத்தரணி அஞ்சலா கொழும்பிலிருந்து விடிய வந்த பஸ்ஸில்தான் மன்னாரில் இறங்கியிருந்தாள். பையைக்கூட இன்னும் திறக்கவில்லை.

"வரச் சொல்லுங்கோ" என்றாள்.

வாசல் நிழலில் நின்ற கழுதையை ஒதுக்கிவிட்டு றஞ்சிதம் உள்ளே வந்தாள். கோயிலுக்கு உடுத்தும் சீலை. கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள்.

கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வீட்டார் முதலில் தேடி வருவது அஞ்சலாவைத்தான். ஆனால் றஞ்சிதம் அப்படி வரக்கூடியவள் அல்ல. அவளுடைய மூத்த மகன் றொட்னி, வலை வெட்டிய சண்டையில் கடற்கரையில் குத்திக் கொல்லப்பட்டான். அந்த வழக்கில் கொன்ஸ்ரன்ரைன் என்பவனுக்காக வாதாடி அவனை வெளியே கொண்டுவந்தவள் அஞ்சலா.

அன்று கண்ட சாட்சி றஞ்சிதம் ஒருத்திதான்.

அந்தக் குறுக்கு விசாரணையைப் பற்றி இளம் சட்டத்தரணிகள் இன்னும் பேசுவார்கள். அஞ்சலா குரலை உயர்த்தவில்லை. நின்ற இடத்தை விட்டு நகரவும் இல்லை.

பொய்ச் சாட்சி கேட்டவுடன் பதில் சொல்லும். யோசிப்பவர்கள் உண்மை பேச வந்தவர்கள். தொழில் அவளுக்குக் காட்டித் தந்தது அது. வேதாகமத்தை முத்தமிட்டுவிட்டுக் கூண்டில் ஏறும் பெண்கள், ஒரு சொல் கூடிப்போனாலும் ஆண்டவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று பயப்படுவார்கள் என்பதை யாரும் காட்டித் தரவேண்டியிருக்கவில்லை. தோட்டவெளிக் கிராமத்தில் அப்படியான பெண்களுக்கு நடுவில்தான் அவள் வளர்ந்தாள்.

ஆகவே ஒரு கேள்வி போதுமாயிருந்தது. "சத்தியம் பண்ணி வந்தனீங்கள். முகத்தைக் கண்டனீங்களோ?"

றஞ்சிதம் கண்டது, பொழுதுபட்ட நேரத்தில் கத்தியோடு விலகிப் போன ஒருவனின் முதுகு. நடை. சின்ன வயதில் அவள் வீட்டு முற்றத்தில் ஓடித் திரிந்தவனின் நடை.

ஓம் என்று சொல்லியிருக்கலாம்.

அவள் பேசாமல் நின்றாள். மன்றில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "முகம் காணேல்லை" என்றாள்.

அவள் அப்படிப் பேசாமல் நின்ற நேரம்தான் அஞ்சலாவை விடவில்லை. பூசையில் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்ற மணி அடித்து ஓயும்போதெல்லாம் அது வந்தது. அவள் வேறு பங்குக் கோயிலுக்கு மாறிப் பார்த்தாள். அங்கேயும் மணி அடித்தார்கள்.

இப்போது அதே பெண் மேசைக்கு எதிரே இருந்தாள்.

"பயப்பிடாதேங்கோ. ஏச வரேல்லை" என்றாள் றஞ்சிதம். "என்ர சின்னவன் ஜஸ்ரினை நேற்றுப் பின்னேரம் பொலிஸ் கொண்டு போட்டுது. இண்டைக்கு நீதவானிட்டக் கொண்டு வருவினமாம். கொலையாம். நீங்கள் வரோணும்."

"மன்னாரில வேற ஆக்களும் இருக்கினம், றஞ்சிதக்கா."

"இருக்கினம். நான் கூண்டில நிண்டு அவையின்ர கையில அம்பிட்டுப் பாக்கேல்லையே."

பரமநாதன் வெறுந்தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். முதலில் சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்று அவர் முகத்தில் இருந்தது.

"அவன் என்ன செய்தவன் எண்டால்..." என்று றஞ்சிதம் தொடங்கினாள்.

அஞ்சலா கையை உயர்த்தினாள். "அதை என்னட்டச் சொல்லாதேங்கோ. சொன்னால் நான் அவனுக்காகப் பேச ஏலாமல் போகும். செத்தது ஆர் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

றஞ்சிதம் பரமநாதனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"மிஸ்ஸுக்குச் சொல்லேல்லையோ? நீங்கள் வெளியில எடுத்துவிட்ட பொடியன்தான். கொன்ஸ்ரன்ரைன்."

தெருவில் மீன்காரனின் ஹோர்ன் சத்தம் கேட்டுத் தேய்ந்தது.

"கண்ட ஆக்கள் இருக்கினமோ?" அஞ்சலாவின் வாய் தன்பாட்டில் கேட்டது.

"ஒராள்தான். செத்தவன்ர தாய்."

கிறேஸ். மகன் விடுதலையான அன்று நீதிமன்ற வாசலில் அஞ்சலாவின் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் ஒற்றிக்கொண்டவள். அன்றைய கண்ணீரின் சூடு அஞ்சலாவின் உள்ளங்கைக்குத் திரும்பி வந்தது.

மாட்டேன் என்று சொல்ல நேர்மையான காரணம் இருந்தது. செத்தவன் அவளுடைய கட்சிக்காரனாக இருந்தவன். அவனைக் கொன்றதாகச் சொல்லப்படுபவனுக்காக அவள் எழுந்து நிற்பது முறையல்ல. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"கிறேஸ் கோயிலுக்கு ஒழுங்காப் போறவவோ?"

கேட்ட பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது.

றஞ்சிதம் தேத்தண்ணீரை இரண்டு கைகளாலும் எடுத்து ஒரு மிடறு குடித்தாள்.

"ஓம்" என்றாள். "நானும் அவவும் ஒரே வாங்கில இருந்துதான் பூசை காணுறனாங்கள். அவவுக்குப் பொய் சொல்ல வராது."