ஐந்துக்கு ஐந்து

குளத்து மீன்கள் ஏன் சாகின்றன என்று ஆராய்ந்த நீர்நாய், தண்ணீரைச் சோதனைக்குக் கொண்டுபோக ஒரு குப்பி கேட்டு, ஆய்வு உதவி அலுவலகத்துக்கு எழுதியிருந்தது. பத்து நாளாகக் கரையில் நிலைகொள்ளாமல் நடந்தது.

கடைசியில் அலுவலகத்திலிருந்து ஓர் அணில் படிவத்தோடு ஓடிவந்தது.

“எங்க உதவி திருப்தியா சார்? அஞ்சுக்கு எத்தனை மார்க் போடுவீங்க?”

“குப்பியே வரலையேம்மா! இன்னைக்கு மட்டும் நாற்பது மீன் செத்து மிதக்குது.”

“அதை எழுத இதுல இடமில்லை சார். நீங்க அஞ்சு போடலைன்னா என் வேலை போயிடும்.”

அணில் படிவத்தை நீட்டியது. நீர்நாய்க்கு மனசு கேட்கவில்லை; ஐந்து போட்டது.

மறுநாளே அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: ‘தாங்கள் முழுத் திருப்தி அடைந்துவிட்டதால், குப்பிக்கான விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது.’

நீர்நாய் குளத்தில் இறங்கியது. அந்தத் தண்ணீரை வாய் நிறைய எடுத்துக்கொண்டு, விழுங்கிவிடாமல், சோதனைச்சாலையை நோக்கி ஓடத் தொடங்கியது.