எதிர்வீட்டுக் காப்பு

முதுகுவலிக்கென்று தொடங்கிய மாத்திரை குமரேசனை விடவில்லை. அதை நிறுத்திய பிறகும் அந்த ஆசை தலைதூக்கினால், குடியிருப்புக் குழு கொடுத்த காப்பு அவனுடைய துணையாளரின் கையில் அதிரும். மூச்சு ஒத்துப்போகிறது என்று குழு தேர்ந்தெடுத்த துணையாளர், எதிர்வீட்டு ஜெசிந்தா. தோசைக் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவருவாள். அவன் எதிரே சம்மணமிட்டுக் கண்மூடி, ஆசை அடங்கும்வரை அவனோடு சேர்ந்து மூச்சு விடுவாள்.

"உங்க மூச்சு அவளோடதான் ஒத்துப்போகுதாமா? பத்து வருசமா பக்கத்துல படுக்கிற எனக்கு என்ன கொறச்சல்?" என்று வயிறெரிந்தாள் அவன் மனைவி செண்பகவல்லி. குழுவில் சண்டை போட்டு, அந்தக் காப்பை வாங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டாள்.

இரண்டு வாரமாகியும் அது அசையவேயில்லை.

"இப்பல்லாம் அந்த ஆசையே வர்றதில்ல செம்பா. எல்லாம் ஜெசிந்தா கூட உட்கார்ந்ததுலதான்" என்று சொல்லிவிட்டுக் குமரேசன் குளிக்கப் போனான்.

செண்பகவல்லி அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருந்த பழைய மாத்திரை அட்டையை எடுத்தாள். அவன் போனுக்குப் பக்கத்தில், கண்ணில் படும்படி வைத்தாள். பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, காப்பு அதிரக் காத்திருந்தாள்.