மூடாத டப்பா

ஐந்தாம் வகுப்பின் மேஜைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து வெள்ளை விரிப்பு போட்டாயிற்று. கரும்பலகையில் 'எங்கள் வீட்டுச் சாப்பாடு' என்று கொட்டை எழுத்து. மேஜை நிறையப் பிள்ளைகளின் டிபன் டப்பாக்கள்.

ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை.

திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தவள் ஸ்டெல்லா டீச்சர்.

எல்லாம் பிளெசிக்காக. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வரும் பெண். போன வாரம் அவள் டப்பாவிலிருந்து மீன் நாற்றம் வருகிறது என்று அதே வகுப்பு வர்ஷினியின் அம்மா பத்மப்ரியா பள்ளிக்கு வந்து புகார் சொன்னாள். கரஸ்பாண்டெண்ட் உடனே உத்தரவு போட்டுவிட்டார். அன்றிலிருந்து பிளெசிக்கு வராந்தாவில் தனிச் சாப்பாடு.

அவளைத் திரும்ப வகுப்புக்குள் உட்காரவைக்கத்தான் ஸ்டெல்லா இந்த விழாவையே எடுத்தாள். அதற்கும் சைவம் மட்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அதை அவள் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டவே இல்லை. தினமும் கொண்டுவருவதையே கொண்டுவாருங்கள் என்றாள்.

பிளெசியின் டப்பாதான் முதலில் திறக்கும், இல்லாவிட்டால் எதுவுமே திறக்காது. ஸ்டெல்லாவுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. போனால் போகட்டும், மாரெட்பள்ளியில் பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம்?

கரஸ்பாண்டெண்ட் வந்தார். கூடவே நாலைந்து அம்மாக்கள். ஹைடெக் சிட்டிக்குப் போகும் கம்பெனி வண்டியைத் தவறவிட்டுவிட்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு பத்மப்ரியாவும் வந்திருந்தாள்.

ஸ்டெல்லா தலையசைத்தாள். பிளெசி திறந்தாள்.

வெள்ளைச் சோற்றின் மேல், மிளகாய்ப் பொடி பூசி வறுத்த விரால் மீன். ஒளிவுமறைவே இல்லை. வாசம் மின்விசிறிக் காற்றில் அறை முழுக்கப் பரவியது.

பத்மப்ரியா துப்பட்டாவால் மூக்கை மூடினாள். கரஸ்பாண்டெண்ட் கையை ஆட்டி, மூடு மூடு என்று சைகை காட்டினார். பிளெசியின் விரல்கள் மூடியைத் தேடின.

ஸ்டெல்லா ஊர்ப் பேச்சுக்குத் தாவினாள். "மூட நக்கோ, பிளெசி, மூடாதே. கைக்கு? ஏன் மூடணும்? உன் வீட்டுச் சோறுதானே!"

கரஸ்பாண்டெண்டின் முகம் கடுகடுத்தது. அவர் பக்கத்தில் நின்ற வர்ஷினியின் டப்பாவைத் தாமே எடுத்துத் திறந்தார். பளிச்சென்று எலுமிச்சைச் சாதம், மேலே வேர்க்கடலை. பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பது போல அதை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். பத்மப்ரியாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் டப்பாவைக் கீழே வைத்ததும் வர்ஷினி பிளெசியைப் பார்த்தாள். பிறகு தன் அம்மாவை.

கரண்டியை ஓரமாகச் செருகி, சோற்றை ஒரே நெம்பாக நெம்பிப் புரட்டினாள்.

அடியில், நாலாக மடித்த ஆம்லெட்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதுதான். ஆம்லெட்டை மறைக்கலாம். தினமும் சோற்றைக் கிளறிக் கிளறிச் சாப்பிடுவதைப் பார்த்து, மந்தமாகச் சாப்பிடும் பிள்ளை என்றல்லவா ஸ்டெல்லா இத்தனை நாள் நினைத்திருந்தாள்!

மூக்கிலிருந்த துப்பட்டா எப்போது நழுவியது என்று பத்மப்ரியாவுக்கே தெரியாது.

எங்கோ இன்னொரு மூடி திறந்தது. இன்னொரு கரண்டி இறங்கியது. தயிர்சாதத்தின் அடியிலிருந்து அவித்த முட்டை எழுந்து வந்தது. புளியோதரைக்குள்ளிருந்து கோழித் துண்டு. அப்புறம் வகுப்பு முழுக்கக் கரண்டிச் சத்தம்தான்.

பிளெசியின் அம்மா செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். மேலே வைத்துவிட்டாள்.

ஸ்டெல்லா போய் வராந்தாக் கதவை விரியத் திறந்துவைத்தாள்.

"இத்தனை பேருக்கு வராந்தா பத்தாதே, சார்."