சொந்த வீடு என்று எழுதியிருக்கிறது

பதுளையில் ஒரு சட்டத்தரணியின் அறை. கடனைக் கட்ட வழியில்லை என்கிற வங்குரோத்து மனு மேசையில் பாதி எழுதியபடி கிடக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செவனம்மாவின் பழைய கடன் விண்ணப்பத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசிக்கிறார் மனு எழுதும் லிகிதர் தனேஸ்வரன். "சொந்த வீடு, ரெண்டு பசுமாடு எண்டு கிடக்கு அம்மா. பொய் சொல்லிக் கடன் எடுத்தனீங்கள் எண்டு கோர்ட்டில சொல்லுவினம்." கறை படிந்த பெருவிரலால் தாளின் அடியிலுள்ள தன் கைநாட்டைத் தடவுகிறாள் அவள். "கடன் குடுக்க வந்தவன் சிங்களத்துல அவனே எழுதிக்கிட்டான். மாட்டு வாலக்கூட நான் புடிச்சதில்ல." மழை தகரத்தில் இரைகிறது, அவள் குரல் அதற்கு மேலே ஏறுகிறது. "நாங்க இருக்கிற லயத்துக் காம்பராவுல ஆணி அடிக்கக்கூட தோட்டத்துத் தொரைகிட்ட கேக்கணும். சொந்த வீடுன்னு போட்டிருக்குல்ல? ஒரு போட்டோ கொப்பி எடுத்துக் குடுங்கய்யா, தொரைகிட்ட காட்டுறேன்."