இடது சுவரில் மூன்றாவது படம்

"எந்தப் படத்துல சார் கோடு நடுங்கியிருந்துச்சு?"

காபி குடித்துக்கொண்டிருந்த தராசு தலையைத் தூக்கிப் பார்த்தார். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, மடித்த பத்திரிகைத் தாளுடன் எதிரே நின்றிருந்தார்.

தராசு என்பது அவருடைய புனைபெயர். ஏரியைச் சுற்றிக் குன்றுகள், ஏரிக்கரை நெடுக ஓவியக்கூடங்கள், தெருமுனையில் நாடகம், ஞாயிற்றுக்கிழமையானால் படகுத்துறையில் பாட்டு என்று களைகட்டும் சின்ன ஊர் அது. விடுமுறைக்கு வருகிறவர்கள், சனிக்கிழமைப் பத்திரிகையில் தராசு எழுதும் 'இந்த வாரம் எதைப் பார்க்கலாம்' பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் தெருவில் இறங்குவார்கள். அவர் நல்லது என்றால் கூட்டம் அள்ளும். இல்லையென்றால் ஈ ஓட்ட வேண்டியதுதான். அவரைப் பகைத்துக்கொண்டு அந்த ஊரில் யாரும் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது.

அவருக்கென்று ஒரு தொழில் ரகசியம் உண்டு. கண்காட்சிகள் வெள்ளிக்கிழமை திறக்கும். அவருடைய பக்கமோ வியாழக்கிழமையே அச்சுக்குப் போய்விடும். அதனால் அழைப்பிதழைப் பார்த்தே எழுதிவிடுவார். எல்லாவற்றையும் புகழ்ந்தால் யார் நம்புவார்கள்? ஆறில் ஐந்தைத் தூக்கி வைத்து, ஒன்றைப் போட்டுத் தாக்குவார். அதற்கு, பெயர் தெரியாத, திருப்பிக் கேட்க நாதியில்லாத ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். மனிதருக்கு இதனால் ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை.

அந்த அம்மா தன்னைப் பற்றிச் சொன்னார். அவருடைய கணவர் நில அளவை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வரைபடம் போட்டவர். ஓய்வு பெற்ற பிறகு மூன்று வருடம் ஏரியை மட்டுமே வரைந்தாராம். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஏற்பாடு செய்ததுதான் அவருடைய முதல் கண்காட்சி. சொல்லிவிட்டு, தாளை விரித்துத் தராசு எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டினார்.

"'கோடு நடுங்குகிறது. வயதான காலத்தில் ஆசைப்படுவதைக் குறை சொல்லவில்லை. ஆனால், இவர் தூரிகையைக் கீழே வைத்துவிடுவதே ஏரிக்கு நல்லது.'"

தராசு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வரப்பு ஒரு விரல்கடை தள்ளிப் போனாக்கூட ரெண்டு குடும்பம் வெட்டிக்கும் சார். அந்தக் கோட்டைப் போட்ட கை அது. சண்டை போட வரல. எங்க நடுங்குச்சுன்னு தெரிஞ்சாப் போதும்."

ஞாபகமில்லை என்று சொல்லிக் கழன்றுகொண்டிருக்கலாம். பக்கத்து மேஜையில் இருந்த வெளியூர்த் தம்பதி அவரை அடையாளம் கண்டுகொண்டு, பத்திரிகையைத் தாழ்த்திக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் விட்டுக்கொடுக்க முடியுமா?

"இடது பக்கச் சுவர்ல மூணாவது படம்மா. படகுத்துறை. தண்ணியும் கரையும் சேர்ற இடத்துல கோடு தடுமாறுது. அதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நின்னேன்."

ஏரியை வரைகிறவர் படகுத்துறையை விட்டுவைப்பாரா என்ற தைரியம்தான். அந்த அம்மாவும் மறுக்கவில்லை.

"அவரைப் பார்த்தீங்களா சார்?"

அந்தக் குரல் முதல் முறையாகக் கம்மியது. தராசுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. நாலு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது?

"பார்க்காம? வாசல்லயே நின்னு கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனார். முகம் கொள்ளாத சிரிப்பு. என் மனசுல பட்டதை அவர்கிட்டயும் பக்குவமாச் சொன்னேன். தங்கமான மனுஷன், தப்பாவே எடுத்துக்கல."

"நல்லா இருந்தாரா?"

"ஜம்முனு இருந்தாரு."

அந்த அம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். தராசு சமாதானமாக ஏதேதோ சொன்னார். கணவரையும் அழைத்து வந்திருக்கலாமே என்றார். அடுத்த கண்காட்சிக்குத் தானே முன்னின்று நல்லபடியாக எழுதுவதாக வாக்குக் கொடுத்தார். பக்கத்து மேஜைப் பெண்மணி, எவ்வளவு பெரிய மனசு என்பதுபோலக் கணவரைப் பார்த்தார்.

அந்த அம்மா தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"திறப்பு அன்னிக்குக் காலையில படங்களை வண்டியில ஏத்தப் போறப்பவே அவர் மயங்கி விழுந்துட்டார் சார். கண்காட்சி திறக்கவே இல்ல. ஒரு படம்கூட எங்க வீட்டு வாசலைத் தாண்டல."

தராசுக்கு முகம் வெளுத்தது. யாரும் தன்னிடம் சொல்லவே இல்லையே என்று முனகினார்.

"ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் அதைத்தான் கேட்டார். எல்லாத்தையும் மாட்டியாச்சு, ஜனங்க வந்து பார்த்துட்டு இருக்காங்கன்னு நான்தான் ஒரு பொய் சொல்லி வச்சேன். மறுநாள் நர்சம்மா உங்க பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்துட்டாங்க."

நிஜத்தைச் சொல்லியிருக்கலாமே என்று தராசு கேட்டார்.

"சொன்னேனே சார். படமெல்லாம் வீட்டுலதான் இருக்கு, அந்தாளு எதையும் பார்க்கலன்னு கையைப் பிடிச்சுச் சத்தியம் பண்ணினேன். 'என்னைத் தேத்துறதுக்காகப் பொய் சொல்லாதே, பெரிய மனுஷன் பார்க்காமலா எழுதுவார்'னு சொல்லிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல."