ஒன்பதாவது ஸ்லைடு

"இன்னொரு தடவை எண்ணு."

"மூணு தடவை எண்ணியாச்சு மேடம். இனிமேலும் எண்ணினா என் கண்ணுதான் பிதுங்கி ஸ்லைடு மேல விழும்."

ஆராய்ச்சி மாணவி நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்தாள். கண்ணைச் சுற்றி வளையம் பதிந்திருந்தது. மனிதனை விழிப்பாக, கவனமாக வைத்திருக்கிற நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தைச் சுமக்கும் மூளை நரம்பிழைகள், வயதாக ஆக எவ்வளவு குறைகின்றன என்பதுதான் அவளுடைய ஆய்வு. இறந்தபின் தானமாக வந்த பன்னிரண்டு முதியவர்களின் மூளையிலிருந்து சீவி, கண்ணாடி ஸ்லைடுகளில் பதித்த துண்டுகள். எது யாருடையது என்று எண்ணுகிறவளுக்குத் தெரியக் கூடாது. அதனால் ஸ்லைடில் எண்ணை மட்டும் ஒட்டி, விவரங்களை உறைகளில் போட்டு மூடி வைத்திருந்தார் பேராசிரியை.

"பதினொண்ணுலயும் குறைஞ்சிருக்கு. இது ஒண்ணுல மட்டும் சின்ன வயசுக்காரங்களுது மாதிரி அடர்ந்து கிடக்குதா? நம்புற மாதிரியா இருக்கு?"

"இருக்கறதைத்தான் எண்ண முடியும். இல்லைன்னு சொல்லச் சொன்னா நான் எங்க போவேன்?"

"தூசியையும் சேர்த்து எண்ணியிருப்ப."

"தூசிக்கும் நரம்புக்கும் வித்தியாசம் தெரியாமலா அஞ்சு வருஷம் இங்க குப்பை கொட்டினேன்?"

பேராசிரியை ஸ்லைடை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெறும் கண்ணுக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் வெகுநேரம் பார்த்தார்.

"பாதியாவது குறைஞ்சிருக்கணும்மா."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஓகோ, கட்டுரை அழகா வரணும், அதானே? எங்க வீட்டுல எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட ஆள் கிடையாது மேடம். முதல் ஆளா இங்க வந்து நிக்கறேன். பொய் எழுதித்தான் பட்டம் வாங்கணும்னா அந்தப் பட்டமே எனக்கு வேணாம். நீங்க கையெழுத்துப் போடாட்டியும் போங்க!"

"பொய் எழுதச் சொல்லல. திரும்ப எண்ணுன்னுதான் கெஞ்சறேன்."

கெஞ்சுவதா? அதுவும் இவரா? அவளுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. மேசையிலிருந்த ஒன்பதாம் உறையை வெடுக்கென்று எடுத்தாள்.

"யாரோ சின்னப் பிள்ளையோட மூளை மாறி வந்திருக்கும். பார்த்துடலாம்."

"பிரிக்காத! பிரிச்சா இந்த ஸ்லைடை ஆய்வுலேர்ந்தே தூக்கணும்!"

பிரித்துவிட்டாள். ஆண். வயது எழுபத்திரண்டு. ஒன்றும் மாறி வரவில்லை. தானத்துக்கு ஒப்புதல் தந்தவர், மனைவி. அதற்கு நேரே பேராசிரியையின் பெயர்.

பிரித்த உறையை மெல்ல மேசையில் வைத்தாள்.

பேராசிரியை முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"கடைசி நாலு வருஷம், நான் உள்ள வந்தா அவர் தலையைத் திருப்பவே மாட்டார். வயசாயிடுச்சு, நரம்பெல்லாம் பட்டுப்போச்சுன்னு மனசைத் தேத்திக்கிட்டுத்தான் தினமும் பக்கத்துல உட்கார்ந்து ஊட்டிவிட்டேன்" என்றார். "எல்லா இழையும் அப்படியே இருந்துச்சுன்னா, அவர் வேணும்னேதானே என்னைப் பார்க்காம இருந்திருக்கார்?"