கழுகுக்கே கண்ணாடியா?

"டேய் வெற்றி, இங்க பாரு. யாராச்சும் உன் பேர கேட்டா இன்னா சொல்லுவ?"

"வெற்றிச்செல்வன்."

"ஐயய்ய! இன்னிக்கு மட்டும் நீ சந்தோஷ்டா. கரீக்டா சொல்லு, இந்த லாலிபாப்பு உனுக்கு."

நூம்பல் பால்வாடி தண்ணி டேங்குக்குப் பின்னாடி குந்திகினு, நாலு வயசுப் பையன்கிட்ட ஒரு ஆளு இப்டி குசுகுசுன்னு பேசுனா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க? புள்ள புடிக்கறவன்னு சொல்லி நாலு சாத்து சாத்துவாங்க. ஆனா ஜீவா அந்த மாதிரி ஆளு கெடையாது. ஷேர் ஆட்டோ ஓட்டறான். பக்கத்துல மூக்க நோண்டிகினு நிக்கிற இன்னொரு பொடியன் சந்தோஷ், அவன் சொந்தப் புள்ள.

மேட்டரு இன்னான்னா, பால்வாடி வாசல்ல கண்ணு டெஸ்ட் பண்ற வேன் வந்து நிக்குது. பொடிசுங்களுக்கு ஏ பி சி டி படிக்கத் தெரியாதுல்ல, அதனால கேமரா மாதிரி ஒரு மெஷினு வெச்சிருக்காங்க. அது குருவி மாதிரி கத்தும், பசங்க 'ஐ'ன்னு பாக்கும், டப்புன்னு கண்ண படம் புடிச்சி பவர் கீதா இல்லியான்னு சொல்லிடும். அவ்ளோதான்.

சந்தோஷ் டிவில மூக்கு முட்டற மாதிரி நின்னு பாக்கற பார்ட்டி. பழக்கி வுட்டது யாரு? சாட்சாத் ஜீவாதான். மேட்ச்சுன்னா போதும், புள்ளய மடில போட்டுகினு டிவிக்கு ஒரு ஜாண் தள்ளி குந்திப்பான்.

அவன் பொண்டாட்டி சாமுண்டீஸ்வரி காலைல கம்பெனிக்கு கெளம்பும்போதே சொல்லிட்டுப் போச்சு. "புள்ள கண்ணுல எதுனா கோளாறுன்னு மட்டும் சொல்லட்டும். சாயந்தரமே டிவிய கழட்டி எங்கண்ணன் ஊட்டுக்கு அனுப்சிடுவேன்."

சாமுண்டி சொன்னா செய்யும். சாயந்தரம் இந்தியா மேட்ச்சு. அதுவும் ஃபைனலு!

அதான் இந்த பிளானு. பக்கத்து ஊட்டு விஜியோட புள்ள வெற்றிக்கு கழுகுக் கண்ணு. தெருமுனைல ஐஸ் வண்டி திரும்பும்போதே எந்தெந்த ஐஸ் படம் ஒட்டிக்கீதுன்னு புட்டுப் புட்டு வெச்சிடுவான்.

பசங்க சட்டைல ஆயாம்மா ஒட்டி வுட்ட பேரு ஸ்டிக்கர ஜீவா நைசா உரிச்சி, இத அதுலயும் அத இதுலயும் ஒட்டி வுட்டான். கழுகு நம்ம புள்ள பேர்ல பாஸாயிடும். நம்ம புள்ளய மேட்ச்சு முடிஞ்ச மறுநாளே நாமளே நல்ல டாக்டரா பாத்து இட்டுகினு போய் காட்டி, விஜிகிட்டயும் உண்மைய சொல்லிக்கலாம். யாருக்கும் நஷ்டம் இல்ல பாரு!

ரெண்டு பேரையும் லைன்ல கொண்டாந்து நிக்க வெச்சான். அதுக்குள்ள போன் அடிச்சிது. சாமுண்டி.

"இன்னாய்யா, டெஸ்ட்டு முடிஞ்சிதா?"

"இன்னும் கூப்டல சாமு."

"பொய் கிய் சொன்ன, மவனே, டிவியோட சேத்து உன்னயும் அனுப்சிடுவேன்."

"உன்கிட்ட போய் பொய் சொல்லுவனா..."

அவன் அந்தாண்ட திரும்பி குழைஞ்சிகினு இருந்தப்போ, கொழாத்தண்ணி புடிச்சிட்டு லேட்டா ஓடியாந்த விஜி, பசங்க மூக்க தொடச்சி, சட்டய இழுத்து சரி பண்ணி, ரெண்டையும் வேன்ல ஏத்தி வுட்டுச்சு. கதவு மூடிடுச்சு.

உள்ள குருவி கத்துது. பசங்க கெக்கெக்கேன்னு சிரிக்குதுங்க. வெளிய ஜீவாவுக்கு வேர்த்து ஊத்துது.

கொஞ்ச நேரத்துல டெஸ்ட் பண்ற பொண்ணு ஸ்வாதி பசங்கள எறக்கி வுட்டுட்டு சிரிச்சிகினே வந்துச்சு. "பேர் கேட்டா ரெண்டு பேரும் லாலிபாப்புன்றாங்க சார்! நல்லவேள ஸ்டிக்கர் இருந்துச்சு, அதப் பாத்து எழுதிக்கிட்டு உரிச்சிட்டேன். வெற்றிச்செல்வனுக்கு சூப்பர் கண்ணு. சந்தோஷோட அப்பா யாரு?"

"நாந்தான் மேடம்."

"சந்தோஷுக்கு லெஃப்ட் கண்ணுல பவர் இருக்கற மாதிரி காட்டுது. சீக்கிரம் டாக்டர்கிட்ட காட்டி கண்ணாடி போட்டா சரியாயிடும். அப்டியே விட்டா அந்தக் கண்ணு சோம்பேறியாகி பார்வை மங்கிடும் சார்."

ஜீவாவுக்கு கிர்ருன்னு ஆயிடுச்சு. இன்னாது, கழுகுக்கே கண்ணாடியா?

அடுத்த செகண்டே பல்பு எரிஞ்சிது. அப்டின்னா வெற்றி பேர்ல போன நம்ம புள்ளதான் சூப்பர் கண்ணு! சந்தோஷ தூக்கி ரெண்டு கன்னத்துலயும் பச்சக் பச்சக்குனு முத்தம் குடுத்தான். டிவி தப்பிச்சிது! ஃபைனலு தப்பிச்சிது!

லாலிபாப்புக்கு கை நீட்டிகினு வெற்றி எதுர்ல வந்து நின்னான். ஜீவா அந்த மூஞ்ச பாத்தான். நாம வாய மூடிகினா இந்த புள்ள கண்ணு இன்னா ஆவும்? லாலிபாப்ப அவன் கைல திணிச்சிட்டு நேரா விஜிகிட்ட ஓடினான்.

"விஜி, செருப்பால அடி, வாங்கிக்கறேன். பசங்க ஸ்டிக்கர மாத்தி ஒட்டுனது நாந்தான். சந்தோஷ் பேர்ல சொன்னது உன் புள்ள கண்ணு. வெற்றிக்குத்தான் கண்ணாடி போடணும். வா, மேடம்கிட்ட போய் சொல்லிடலாம்."

விஜி திட்டல, செருப்பயும் கழட்டல. அவன பாவமா ஒரு லுக்கு வுட்டுச்சு.

"ஐய, அது உன் வேலையா? பசங்கதான் வெளையாட்டுல மாத்திகிச்சுங்கன்னு நெனச்சி, ஏத்தும்போதே நான் சரி பண்ணி ஒட்டிட்டேனே அண்ணாத்தே!"